சுவாங் ட்சுவின் செல்வாக்கும் குவோ சியாங்கின் பதிப்பும்

சீனத் தத்துவஞானி சுவாங் ட்சுவைப் பற்றிய பழைய வாழ்க்கைக் குறிப்பு, அவர் வாழ்ந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 100ஐ ஒட்டி, ஹான் பேரரசுக் காலத்தில், சீமா சியென் எழுதிய வரலாற்று நூலில் இருக்கிறது. மெங் என்ற ஊரினர். அரக்குத் தோட்டத்தில் சிறு அலுவல் பார்த்தவர். சூ நாட்டு மன்னன் அமைச்சர் பதவி தர முன்வந்தபோது மறுத்தவர். ஒரு லட்சம் எழுத்துகளுக்கு மேல் எழுதியவர். செய்தி இவ்வளவுதான். ஆனால் அதில் ஓரிடம் கவனத்துக்குரியது. சுவாங் ட்சு கன்பூசியரைச் சாட எழுதியவை என்று சீமா சியென் பெயர் சுட்டுபவை 'முதிய மீனவர்', 'கொள்ளையன் ச்சீ', 'பெட்டி உடைத்தல்' ஆகிய இயல்கள். இன்று அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் பட்டாம்பூச்சிக் கனவு அந்தக் குறிப்பில் தலைகாட்டவே இல்லை. ஹான் காலத்தவர் படித்த சுவாங் ட்சு வேறு, நாம் படிப்பவர் வேறு என்று ஐயுற இதுவே போதும். அவருடைய நெடுங்காலச் செல்வாக்கு, கி.பி. 300ஐ ஒட்டி நூலைக் குறைத்து உரை எழுதிய குவோ சியாங் வெட்டிய வாய்க்காலில்தான் ஓடியது என்பது என் வாதம்.

ஹான் அரச நூற்பட்டியல் இந்நூலுக்கு 52 இயல்கள் என்று கணக்குச் சொல்கிறது. இன்று இருப்பவை 33: அக இயல்கள் 7, புற இயல்கள் 15, பல்வகை இயல்கள் 11. இந்த வடிவம் 312இல் இறந்த குவோ சியாங்கினுடையது. கழிக்கப்பட்டவற்றில் விசித்திரப் பிராணிக் கதைகளையும் கனவுப் பலன் நூல்களையும் ஒத்த பகுதிகள் இருந்தன என்பதை லூ தெமிங் என்ற அறிஞரின் குறிப்பால் அறிகிறோம். மந்திரமும் குறியும் கலந்த கலவையிலிருந்து தத்துவ நூல் ஒன்று இழைத்தெடுக்கப்பட்டது. உரையின் பெரும்பகுதியைச் சியாங் சியூவிடமிருந்து குவோ சியாங் திருடினார் என்ற பழியும் பழைய நூலில் உண்டு. எவர் எழுதியிருந்தாலும் அந்த உரை செய்த வேலை மாறாது.

அந்த வேலையை முதல் இயலிலேயே காணலாம். பெங் என்னும் மாபெரும் பறவை 90,000 லீ உயரம் எழுகிறது. சிள்வண்டும் சிறு புறாவும் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. இந்த இரு சிற்றுயிர்களுக்கு என்ன தெரியும் என்று மூலம் கேட்கிறது. சிரித்தவற்றைத்தான் அது சுட்டுகிறது என்று எளிய வாசகனும் கொள்வான். குவோ சியாங்கோ அவ்விரண்டும் பெங்கும் சிள்வண்டும் என்று உரை கண்டார். பெரிது பெரிதாகவும் சிறிது சிறிதாகவும் தத்தம் இயல்பில் நிறைவதே விடுதலை, அதில் ஏற்றத்தாழ்வில்லை என்பது அவர் முடிவு. அவரே ஜின் அரசில் உயர் பதவி வகித்தவர். பதவியைத் துறக்காமலே மனத்தளவில் துறவியாக இருக்கலாம் என்ற ஆறுதலை அவருடைய உரை அதிகார வர்க்கத்துக்கு அளித்தது. அமைச்சுப் பதவியை உதறியவரின் நூலுக்கு இப்படியொரு உரை!

எதிர்ப்பு எழாமல் இல்லை. பௌத்தத் துறவி ச்சீ துன் (314–366), இயல்பின்படி நடப்பதே விடுதலையென்றால் கொடுங்கோலன் ஜியேவும் கொள்ளையன் ச்சீயும் விடுதலை பெற்றவர்களா என்று கேட்டார். பின்னாளில் கவிஞர் லீ பாய் (701–762) பெங் பறவையைத் தன் உருவமாகவே பாடினார். சிள்வண்டோடு சமம் என்ற பேச்சு அங்கே செல்லாது. அப்படியானால் நூல் உரையாசிரியரின் பிடியை மீறிவிட்டதே என்று வாதிடலாம். பொருள் கொண்டதில் மீறியது உண்மை. ஆனால் ச்சீ துன்னின் கேள்வி குவோ சியாங் உரைக்கான மறுப்பாகவே பிறந்தது. மற்றப் பழம்பதிப்புகள் காலப்போக்கில் மறைந்தன. 742இல் தாங் பேரரசர் ஷுவான்சோங் சுவாங் ட்சுவுக்குத் தெய்வப் பட்டம் சூட்டி அவர் நூலைத் திருமறையாக்கிய பின்னும் வழிவழியாக வந்தது 33 இயல் வடிவமே.

இதைவிட வலிய மறுப்பு மொழிச் சான்றிலிருந்து வருகிறது. அக இயல்களில் தனிச் சொற்களாக வரும் கருத்துகள் பிற இயல்களில் கூட்டுச் சொற்களாக வருகின்றன. ஆகவே அக இயல்களே முந்தியவை என்று ஆய்வாளர் லியூ சியாவ்கான் காட்டினார். ஏ.சி. கிரஹாமின் 1981 மொழிபெயர்ப்பும் அவற்றையே சுவாங் ட்சு கைப்பட எழுதியவையாகக் கொண்டது. மேலும் லூ தெமிங் காலத்தில் கிடைத்த எல்லாப் பதிப்புகளிலும் அக இயல்கள் ஏழாகவே இருந்தன. அவற்றைக் குவோ சியாங் படைக்கவில்லை. இதை மறுக்க வேண்டியதில்லை. எது முதலில் எழுதப்பட்டது என்பது ஒரு கேள்வி, எது படிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. அந்தப் பதிப்புகளும் ஹான் வீழ்ச்சிக்குப் பிந்தியவையே.

இரண்டாவது கேள்விக்கு மண்ணுக்கடியிலிருந்து விடை வருகிறது. 1078இல் சோங் காலக் கவிஞர் சூ ஷி, சுவாங் ட்சு உள்ளூரக் கன்பூசியரின் துணைவரே என்று கருதி, 'கொள்ளையன் ச்சீ', 'முதிய மீனவர்', 'அரியணை மறுத்தல்', 'வாள் பற்றிய உரை' ஆகிய நான்கையும் இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சீமா சியென் பெயர் சொன்ன மூன்றில் இரண்டு இதில் அடங்கும். 1977இல் ஃபூயாங்கில் தோண்டிய, கி.மு. 165இல் இறந்த பிரபுவின் கல்லறையில் 'அரியணை மறுத்தல்' இயலின் துணுக்குகள் மூங்கில் ஏடுகளில் கிடைத்தன. அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஜாங்ஜியாஷான் கல்லறையில் 'கொள்ளையன் ச்சீ' கிடைத்தது. இவற்றைச் சுவாங் ட்சுவே எழுதினார் என்று இந்த ஏடுகள் நிறுவவில்லை. ஆனால் சூ ஷி போலியென்று தள்ளியவற்றை ஹான் காலத்தவர் பிரியமான நூலாகக் கல்லறைவரை கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுக்கு அரசனையும் அறவோனையும் திருடன் வாயால் ஏசிய எழுத்தாளராகவே சுவாங் ட்சு அறிமுகமாகியிருந்தார்.