கேட்ட அரசும் கேட்க மறுத்த அரசும்

ஓரியூர் மண்ணில் 1693ஆம் ஆண்டு குருதி சிந்தி மறைசாட்சியான புனித அருளானந்தர் பிறந்த நகர் லிஸ்பன். பதுவைப் புனிதர் என நாம் போற்றும் அந்தோனியாரும் அந்நகரின் மைந்தரே. ஆகவே, போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனுக்கு நேர்ந்த பேரிடரும், அதன்பின் அந்நாட்டு அரசு நடந்துகொண்ட முறையும் நமக்குத் தொடர்பற்ற அயல்நாட்டுக் கதையன்று. அங்கு எழுந்த அதிர்வு, வேறொரு வடிவில், தமிழகத் திருச்சபையையும் எட்டியது.

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். அனைத்துப் புனிதர் பெருவிழா. காலை ஒன்பதரை மணியளவில் ஆலயங்கள் மக்களால் நிரம்பியிருந்தன. பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. திடீரென நிலம் நடுங்கிற்று. சில நிமிடங்களில் கூரைகள் சரிந்து வழிபட்டோர் மேல் விழுந்தன. தப்பியோர் திறந்தவெளி தேடித் தேஜோ ஆற்றங்கரைக்கு ஓடினர். சற்று நேரத்தில் கடல் பொங்கி அக்கரையை விழுங்கிற்று. எஞ்சிய நகரைத் தீ பற்றிக்கொண்டது. ஐந்து நாள்களுக்கும் மேலாக அத்தீ அணையவில்லை. நோயாளரின் புகலிடமாயிருந்த அரச மருத்துவமனையும் அதில் வெந்தது. மதிப்பீடுகள் வேறுபடினும், மாண்டோர் 30,000க்குக் குறையார் எனக் கணிப்போர் பலர்.

மன்னர் முதலாம் ஜோசே குடும்பத்தோடு நகருக்கு வெளியே இருந்ததால் உயிர் பிழைத்தார். ஆனால் கல்கட்டடம் என்றாலே அஞ்சினார். 1777இல் இறக்கும்வரை கூடாரங்களிலும் மரத்தாலான மாளிகையிலுமே வாழ்ந்தார். செயலிழந்து நின்ற மன்னருக்குப் பதிலாக ஆட்சியைக் கையில் எடுத்தவர் அவருடைய அமைச்சர் கர்வாலோ. பின்னாளில் பொம்பால் பிரபு என வரலாறு அறிந்தவர் இவரே.

இவருடைய செயல்திறம் இன்றும் வியப்பூட்டுவது. கொள்ளைநோய் பரவுமுன் பிணங்களை அகற்ற வேண்டியிருந்தது. லிஸ்பன் முதுபேராயரின் இசைவு பெற்று, அவற்றைப் படகுகளில் ஏற்றிக் கடலில் அமிழ்த்தச் செய்தார். உணவுப் பொருள்களை நிலநடுக்கத்துக்கு முந்திய விலைக்கே விற்க ஆணையிட்டார். கொள்ளையரை அச்சுறுத்தத் தூக்குமரங்கள் நாட்டப்பட்டன. வணிகரும் ஒதுங்கி நிற்கவில்லை. இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு நான்கு வீதம் நகர்ச் சீரமைப்புக்குத் தர முன்வந்தனர். அரண்மனை நின்ற ஆற்றோரத் திடல் பின்னர் ‘வணிகச் சதுக்கம்’ எனப் பெயர் பெற்றது.

மீண்டும் கட்டுவதில் அரசு அவசரப்படவில்லை. எண்பதை நெருங்கிய முதுபெரும் பொறியாளர் மனுவேல் த மாயியா பல வழிகளை எழுதி முன்வைத்தார். பழைய நகரை அப்படியே கட்டலாமா, தெருக்களை அகலப்படுத்தலாமா, அனைத்தையும் தரைமட்டமாக்கிப் புதிதாய் வரையலாமா, வேறிடம் செல்லலாமா என ஒவ்வொன்றின் நன்மை தீமைகளும் எடைபோடப்பட்டன. இறுதியில் பள்ளத்து நகர் நேரிய, அகன்ற தெருக்களோடு எழுந்தது. சுவர்களுக்குள் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பிணைத்து, நடுக்கத்தைத் தாங்கும் ‘கூண்டு’ அமைத்தனர். அதன் வலிமையைச் சோதிக்கப் படைவீரரைச் சுற்றிலும் தாளமிட்டு நடக்கச் செய்தனர் என்பது மரபுவழிச் செய்தி.

இவை எல்லாவற்றிலும் சிறந்த ஒரு செயல் உண்டு. நாட்டின் பங்குகள்தோறும் குருக்களுக்கு வினாப்பட்டியல் ஒன்று அனுப்பப்பட்டது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? இவ்வாறு சென்ற வினாக்களுக்குச் சிற்றூர்க் குருக்கள் எழுதிய விடைகள் பல இன்றும் போர்த்துக்கல் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கருதுகின்றனர். இடரின் நடுவே ஓர் அரசு கற்பனையை விட்டு, கண்டவரைக் கேட்டது. அந்த அளவில் அது நம் மதிப்புக்குரியது.

ஆனால், அதே அரசு கேட்க விரும்பாத குரல் ஒன்றும் எழுந்தது. இயேசு சபைக் குரு கபிரியேல் மலகிரிதா பிரேசிலில் நெடுங்காலம் பணிபுரிந்த இத்தாலியர். நிலநடுக்கம் இயற்கை நிகழ்வன்று, லிஸ்பனின் பாவங்களுக்கு இறைவன் தந்த தண்டனை என்று 1756இல் நூல் எழுதினார். குடிசைகள் எழுப்புவதைவிடத் தவமே முதன்மை என்பது அவர் வாதம். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டோர் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என நம் ஆண்டவரே தெளிவுறுத்தியுள்ளார். 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்ட திருப்பயணிகளை எண்ணிப் பார்க்கும் எவர், அவர்கள் பாவத்தால் மாண்டனர் எனச் சொல்லத் துணிவார்?

எனினும், தவறான மறையுரைக்கு மறுமொழி சொல்லாகவே இருத்தல் வேண்டும். பொம்பாலோ முதலில் மலகிரிதாவைத் தலைநகரினின்று அகற்றினார். 1758இல் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதனைக் காரணமாக்கித் தாவொரா என்னும் உயர்குடியினர் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். 1759இல் இயேசு சபையினர் நாடுகடத்தப்பட்டனர். இதற்கு நிலநடுக்கம் ஒன்றே காரணமன்று. தென் அமெரிக்க மறைத்தளங்கள் குறித்த பகையும் இருந்தது. ஆயினும், இடர்க்காலத்தில் ஒருவர் கையில் குவிந்த அதிகாரம் இடர் நீங்கிய பின்பும் தளரவில்லை. 1761 செப்டம்பர் 21 அன்று, எழுபது கடந்த மலகிரிதா கழுத்து நெரிக்கப்பட்டார். அவர் உடல் எரிக்கப்பட்டது. தீர்ப்பளித்த சமய விசாரணை மன்றத்தின் தலைவர் பொம்பாலின் சொந்தச் சகோதரர். திருச்சபையின் மன்றமே அரசின் கருவியாயிற்று என்பதை நாம் வருத்தத்தோடு நினைவுகூர வேண்டும்.

அந்த ஆணை கடல் கடந்தது. கோவாவில் இயேசு சபையினர் கைதாகிக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் தேஜோ முகத்துவாரக் கோட்டையில் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த மதுரை மறைத்தளத்துக்குப் போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஆள்துணை அற்றது. 1773இல் ஐரோப்பிய அரசுகளின் நெருக்குதலுக்கு உட்பட்டு, திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். 1814இல் ஏழாம் பத்திநாதர் அதனை மீண்டும் நிறுவிய பின்னரும், இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்ப 1830களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆயரின்றித் தவித்த ஆடுகளென நம் முன்னோர் பலர் வாழ்ந்தனர்.

1777இல் மன்னர் இறந்ததும் பொம்பால் பதவியிழந்தார். சிறைக் கதவுகள் திறந்தன. நூற்றுக்கணக்கானோர் வெளியே வந்தனர். அவர் கட்டிய நகர் மட்டும் இன்றும் உறுதியாய் நிற்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும். நகரைக் கட்டினார் என்பதற்காகச் சிறைகளை மறப்பதும் முறையன்று. சிறைகளை நினைந்து அந்நகரைப் பழிப்பதும் முறையன்று. நிலம் நடுங்கியபோது நாடெங்கும் குருக்களிடம் கேட்டறிந்த அரசு, தன் ஆட்சி நடுங்குமோ என அஞ்சியபோது ஒரு கிழக் குருவின் குரலையும் பொறுக்கவில்லை. வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் என எந்த இடர் வரினும் மக்கள் வல்லமை மிக்க தலைமையை நாடுவர், அது இயல்பு. அத்தலைமை எவ்வளவு விரைந்து செயல்படுகிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. இடர் கடந்தபின் பெற்ற அதிகாரத்தைத் திருப்பித் தருகிறதா, தன்னை மறுப்பவனை உயிரோடு பேச விடுகிறதா எனவும் நாம் விழிப்போடு கேட்க வேண்டும். நாட்டுக்கும் இது பொருந்தும். நம் பங்குக்கும் இல்லத்துக்கும் பொருந்தும்.