பழகுதலும் பயிற்றுதலும்: ஓட்டுநர் பயிற்சி விதிகளின் வரலாறு

லாரித் தொழிலில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநரின் கையையும் காலையும் பார்த்துப் பழகியவர்களே நெடுங்காலம் அடுத்த ஓட்டுநர்கள் ஆயினர். 'பழகுநர் உரிமம்' என்னும் தமிழ்ப் பெயரில் அம்மரபின் சாயல் இன்றும் உண்டு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளும் பயிற்சிப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தியபோது, கற்பிப்பவரின் தகுதியையும் வரையறுத்தன. பயிற்றுநர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 5 ஆண்டு ஓட்டிய அனுபவம் வேண்டும். வாகன உறுப்புகளின் இயக்கத்தைச் செய்துகாட்டி விளக்கவும் வல்லவராதல் வேண்டும். ஆங்கிலமோ வட்டார மொழியோ போதிய அளவு அறிந்திருத்தலும் ஒரு தகுதி. இது சிறிய செய்தியன்று. பார்த்துப் பழக மொழி தேவையில்லை. கிளட்சை எப்போது, ஏன் மெல்ல விடவேண்டும் என்று சொல்லத்தான் மொழி வேண்டும்.

சொந்தப் பயன்பாட்டுக் கார் ஓட்டக் கற்பவருக்கு 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் ஓட்டுதல், பயிற்றுநரும் வண்டியை நிறுத்தக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடு ஆகியவற்றையும் விதிகள் கட்டாயமாக்கின. சேர வருவோரோ பெரும்பாலும் கட்டணத்தையும் உரிமம் கைக்கு வரும் நாளையுமே விசாரிக்கின்றனர்.

2021இல் வந்த ஏற்பளிக்கப்பட்ட பயிற்சி மையங்களில் இலகுரக வாகனப் பயிற்சி 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. அங்குத் தேறியவருக்கு உரிமம் வழங்கும் அலுவலரின் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. பயிற்சி நேரம் கூடியது நன்றே. ஆனால், அம்மையத்தைத் தேர்பவர் தம்மைச் சோதிப்பவரையும் தாமே தேர்ந்துகொள்கிறார்.