சிகாகோவின் ஒப்பந்த வீடுகள்: அமெரிக்க இன ஏற்றத்தாழ்வில் பறிபோன சேமிப்பு

அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை குடும்பங்களின் சொத்து, கடன் விவரங்களைத் திரட்டுகிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். வருமானத்தில் வெள்ளையர் குடும்பத்தின் ஒரு டாலருக்குக் கறுப்பினக் குடும்பம் ஏறத்தாழ 60 சென்ட் ஈட்டுகிறது. சொத்தில் அந்த விகிதம் 16 சென்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. சம்பள வேறுபாட்டை மட்டும் வைத்து இந்தச் சரிவை விளக்க முடியாது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு: படிப்புப் போதவில்லை; சேமிக்கும் பழக்கம் இல்லை. முதலாவதற்குப் பொருளியலாளர் வில்லியம் டாரிட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் விடை தந்தார்கள். பட்டம் பெற்றவர் தலைமையிலான கறுப்பினக் குடும்பத்தின் சொத்து, பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையர் தலைமையிலான குடும்பத்தின் சொத்தைவிடக் குறைவு என்று அவர்கள் காட்டினர். இரண்டாவது விளக்கம்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிகாகோ நகரின் வரலாறு அதை அடியோடு மறுக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கறுப்பினக் குடும்பங்கள் சேமித்தன. அந்தச் சேமிப்பு பிறர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

வங்கிக் கதவு அவர்களுக்கு ஏன் மூடியிருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசின் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 1930களில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்த வண்ண வரைபடங்களையே பலரும் சுட்டுவார்கள். கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் அவற்றில் பெரும்பாலும் சிவப்பாக, அதாவது கடன் கொடுக்க ஆபத்தானவையாக, குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தக் கழகம் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தது என்று பொருளியல் வரலாற்றாளர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது. பெரிய சேதத்தைச் செய்தது 1934இல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அது காப்பீடு அளித்தது. அதனால்தான் சாதாரணத் தொழிலாளிக்கும் குறைந்த முன்பணத்தில், இருபது ஆண்டுக்கு மேற்பட்ட தவணையில் கடன் கிடைத்தது. கறுப்பினத்தவர் குடியிருந்த பகுதிகளுக்கு அந்தக் காப்பீடு ஏறத்தாழ மறுக்கப்பட்டது. வீட்டில் வேற்றினத்தவர் குடியிருப்பதைத் தடுக்கும் நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கும்படி அதன் 1938ஆம் ஆண்டுக் கையேடே பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் 1941இல் ஒரு மனை வணிகர், தம் புதிய குடியிருப்புக்கும் கறுப்பினத்தவர் தெருக்களுக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரச் சுவர் எழுப்பினார். அதன் பிறகே அவருடைய திட்டத்துக்கு நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் இதே நிலைதான். 1947இல் மிசிசிப்பி நகரங்களில் எடுத்த ஒரு கணக்கில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உத்தரவாதக் கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பினத்தவர் பெற்றவை இரண்டு.

வங்கி விலகிய இடத்தில் ஊக வணிகர்கள் நுழைந்தார்கள். சிகாகோவின் நார்த் லான்டேல் போன்ற பகுதிகளில், கறுப்பினத்தவர் வரப்போகிறார்கள் என்று வெள்ளையர்களை மிரட்டி வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். சில வாரங்களிலேயே அதே வீட்டை ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு ஒப்பந்தத்தின் பேரில் விற்றார்கள். முன்பணமும் மாதத் தவணையும் வாங்குபவர் தலையில். வரியும் பழுதுபார்ப்பும் அவர் பொறுப்பு. ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில். ஒரே ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணம் முழுவதும் போய், குடும்பம் தெருவுக்கு வரும். வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பும் இல்லை, உரிமையாளருக்கு உள்ள பாத்தியதையும் இல்லை.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கொள்ளையை அளந்தது. வாங்கிய விலைக்கு மேல் ஊக வணிகர்கள் வைத்த கூடுதல் சராசரியாக 84 சதவீதம். வழக்கமான கடனில் வாங்கியிருந்தால் கட்ட வேண்டியதைவிட ஒவ்வொரு குடும்பமும், 2019ஆம் ஆண்டு மதிப்பில், மாதம் 587 டாலர் அதிகம் கட்டியது. 1950, 60களில் சிகாகோவின் கறுப்பினச் சமூகம் இழந்தது 300 கோடிக்கும் 400 கோடிக்கும் இடைப்பட்ட டாலர். அந்தத் தவணைகளுக்காகக் கணவனும் மனைவியும் வேலை பார்த்தார்கள், இரண்டாவது வேலைக்கும் போனார்கள், அறைகளை உள்வாடகைக்கு விட்டார்கள். சேமிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்வது, களவு கொடுத்தவரிடம் ஊதாரித்தனத்துக்கு விளக்கம் கேட்பதற்குச் சமம்.

வேலைச் சந்தையின் பாகுபாடு இங்கேதான் கூர்மையாக வந்து சேர்கிறது. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒரே தகுதி காட்டிய விண்ணப்பங்களில் வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. வேலை கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கையிருப்பைத் தின்கிறது. கையிருப்பே இல்லாத குடும்பத்தில் அது தவணையைத் தின்கிறது.

1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சிகாகோவில் ஒப்பந்த வீடு வாங்கியவர்கள் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். பல நூறு குடும்பங்கள் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதவைத்தன. ஆனால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர்கள் தொடுத்த வழக்குகள் தோற்றன. சட்டம் இனி நடக்கும் பாகுபாட்டைத் தடைசெய்தது. பறிபோன பணத்தைத் தொடவில்லை. அந்தத் தடைகூட முழுமையாகப் பலிக்கவில்லை. கறுப்பின, ஹிஸ்பானியக் கடனாளிகள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கூடுதல் கட்டணமும் வட்டியும் வசூலித்ததாக எழுந்த வழக்கில் கண்ட்ரிவைட் என்ற வீட்டுக் கடன் நிறுவனம் 2011இல் 33.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

வெள்ளையர் குடும்பம் 1950இல் வாங்கிய வீடு மகனின் கல்லூரிக் கட்டணமாகவும் பேத்தியின் முன்பணமாகவும் மாறியது. கறுப்பினக் குடும்பத்தின் தவணைப் பணமும் அப்படித்தான் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. அவர்கள் விற்றவரின் பேரப்பிள்ளைகள். அதனால்தான் இன்றைய சம்பளத்தைச் சமப்படுத்தினாலும் சொத்தின் இடைவெளி மூடாது.

சிகாகோவின் வடக்கு எல்லையை ஒட்டிய எவன்ஸ்டன் நகரமன்றம் 2021இல் ஒரு முன்னுதாரணம் படைத்தது. 1919 முதல் 1969 வரை அங்கு வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் நேரடி வாரிசுகளுக்கும் வீட்டுத் தேவைக்காக 25,000 டாலர் வழங்க முடிவு செய்தது. தொகை சிறியது. ஆனால் இழப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேயே ஈடு கொடுப்பது சரியான தொடக்கம் என்று கருதுகிறேன். இத்தகைய திட்டங்களுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம், யாருக்கு எவ்வளவு இழப்பு என்று இனிக் கணக்கிட முடியாது என்பது. சிகாகோவைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஊக வணிகர் என்ன விலைக்கு வாங்கினார், எந்த விலைக்கு விற்றார் என்பதைச் சொத்துப் பதிவேடுகளிலிருந்து வீடு வீடாகத் திரட்ட முடிந்ததால்தான் 2019ஆம் ஆண்டு அறிக்கையையே எழுத முடிந்தது.