சிலிண்டர் கேஸ் கசிந்தால் ஏன் தரையிலேயே தேங்குது? மூலக்கூறு எடை சொல்லும் காரணம்!

வீட்டில் சிலிண்டர் கேஸ் கசிந்தால் உடனே கதவு, ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள். மேலே வென்டிலேட்டர் இருக்கே, அது போதாதா? போதாது. ஏன்னு புரிய, பள்ளியில் படித்த மூலக்கூறு எடையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கணும்.

மூலக்கூறு எடை என்றால் என்ன?

ஒரு மூலக்கூறில் உள்ள எல்லா அணுக்களின் நிறையையும் கூட்டினால் வருவதுதான் மூலக்கூறு எடை. பாடப்புத்தகத்தில் 'மூலக்கூறு நிறை' என்று இருக்கும். ஓர் அணுவைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. அதனால் கார்பன்-12 அணுவின் நிறையில் 12-ல் ஒரு பங்கை 1 என்று வைத்து, மற்ற அணுக்களை அதோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஹைட்ரஜன் சுமார் 1, கார்பன் 12, ஆக்சிஜன் சுமார் 16. தண்ணீரில் 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆக, 2 + 16 = 18. அவ்வளவுதான்!

கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், சம கனஅளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். இதை 1811-ல் சொன்னவர் இத்தாலி விஞ்ஞானி அவகாட்ரோ. எண்ணிக்கை சமம் என்றால், மூலக்கூறு எடை அதிகமுள்ள வாயுதான் கனமானது.

* மீத்தேன்: 16
* காற்று (சராசரி): 29
* புரொப்பேன்: 44
* பியூட்டேன்: 58

சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி, முக்கியமாக புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால் கசிந்ததும் கீழே இறங்கி தரையோரம், மேடைக்கு அடியில், சாக்கடைக் குழியில் தேங்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசானது என்பதால் அது மேலே எழும்பும்.

எல்பிஜி கசிந்தால் என்ன செய்யணும்?

* அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.
* கதவு, ஜன்னல்களை முழுசா திறந்து வையுங்கள். தரைமட்டம் வரை திறப்பது கதவுதான் என்பதால் அது ரொம்ப முக்கியம்.
* லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் சுவிட்சுகளைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்ன தீப்பொறி போதும்.
* வெளியே வந்த பிறகு, எல்பிஜி அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.

வாசனை குறைஞ்சிடுச்சேன்னு உடனே அடுப்பைப் பற்ற வைக்காதீங்க. மூக்குக்கு எட்டாத கேஸ் காலடியில் தேங்கி இருக்கலாம்.