அம்மாவையும் கேட்கத் தொடங்கிய பரீட்சை

கோவையில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி அறையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் காதில் விழுந்த பேச்சு ஒன்றுண்டு: “மேடம்கிட்ட ஒழுங்கா செஞ்சு காட்டு சாமி.” நடப்பது பரீட்சை என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தையை அளக்கும் வழக்கம் பரீட்சையாகத்தான் பிறந்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் என்ற மருத்துவர் குழந்தைகளைத் திரைக்குப் பின்னிருந்து கவனித்தார், படம் பிடித்தார், வயதுவாரியாக அட்டவணை போட்டார். மூன்று வயதில் வட்டம் வரைய வேண்டும், நான்கில் கூட்டல் குறி என்று இன்றும் நாங்கள் பார்க்கும் வரிசைக்கு அவரே அடித்தளம். ஆனால் அது நியூ ஹேவன் நகரத்துக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு. தரையில் சம்மணமிட்டு, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடும் பிள்ளை அதில் இல்லை.

ஆக்குபேஷனல் தெரபி வந்த வழி வேறு. 1917-இல் அமெரிக்காவில் சங்கமாக உருவெடுத்த இந்தத் தொழில், போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நெசவும் தச்சும் கொடுத்து முடங்கிய கைகளைப் பழக்கியது. இந்தியாவில் அதற்கு முதல் பள்ளி தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். 1952-இல் இத்தொழிலுக்கான உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்றாட வேலையில் எது தடைபடுகிறது என்பதுதான் இத்தொழிலின் மூலக் கேள்வி.

1972-இல் எங்கள் தொழிலைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் எழுதிய நூல் அந்தக் கேள்வியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. தொடுகை, சமநிலை, உடலசைவு பற்றிய உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் வந்தால் படிப்பும் நடத்தையும் பாதிக்கும் என்றார். சிகிச்சை அறைக்குள் ஊஞ்சல் வந்தது இப்படித்தான். அவர் கோட்பாட்டின் மீது விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், சட்டை லேபிள் உறுத்துகிறது என்று அழும் பிள்ளையை வெறும் பிடிவாதக்காரன் என்று ஒதுக்கும் பழக்கம் குறைந்தது. அளக்கும் முறையும் மாறியது. 1991-இல் கனடாவில் வந்த ஓர் அளவீடு, எந்த வேலை முக்கியம், அது எவ்வளவு திருப்தியாக நடக்கிறது என்று ஒன்று முதல் பத்துவரை சிகிச்சைக்கு வருபவரையே மதிப்பிடச் சொன்னது. 1999-இல் வின்னி டன் என்ற தெரபிஸ்ட் வெளியிட்ட புலனுணர்வுப் படிவத்தின் 125 கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் குழந்தையை வளர்ப்பவர்.

ஆகவே இன்று மதிப்பீட்டுக்குப் போனால் முதலில் உங்களிடம்தான் பேசுவார்கள்: பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எதைச் சாப்பிட மறுக்கிறான், எப்படித் தூங்குகிறான். பிறகு பிள்ளை மணி கோப்பான், கத்தரியால் வெட்டுவான், பட்டன் போடுவான், ஒற்றைக்காலில் நிற்பான், பென்சில் பிடிப்பான். அவனுக்கு விளையாட்டு, எங்களுக்கு விரல், தோள், கண் மூன்றும் சேர்ந்து வேலை செய்கிற விதம்.

வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிவராதீர்கள். பள்ளி நோட்டு, டிபன் பாக்ஸ், தினமும் போடுகிற செருப்பு, இவற்றை எடுத்து வாருங்கள். அவன் தடுமாறும்போது கைகொடுக்காமல் இருங்கள். வீட்டில் நடக்கிற ரகளையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முடிவில் வரும் அறிக்கை பாஸ், பெயில் சொல்லாது. அடுத்து எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத அறிக்கை என்றால், சொல்லும்வரை கேளுங்கள்.