விளிம்பு விளைவு: கண்டதும் கண்டுகொள்ளாததும்

வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும்னு சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய வகுப்பில் 'விளிம்பு விளைவு' என்று வேறொன்றைச் சொல்கிறார்கள்: குறுகலான பிளவுக்குள் நுழைந்த ஒளி விரிந்து பரவும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஐரோப்பாவில் ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது.

பொலோஞாவின் ஏசுசபைப் பாதிரியார் கிரிமால்டி இருட்டறைக்குள் சின்னத் துளை வழியே வெயிலை விட்டுப் பார்த்தார். குறுக்கே வைத்த பொருளின் நிழல் கணக்கைவிடப் பெரிசாக விழுந்தது. ஓரத்தில் வண்ணப்பட்டைகள். அவர் 1663இல் இறந்தார். புத்தகம் 1665இல் வந்தது. நியூட்டனும் இந்தப் பட்டைகளை அளந்தார், 1704இல் 'ஒளியியல்' நூலில் எழுதினார். ஆனால் ஒளி துகள் என்ற பக்கம் சாய்ந்தவர் அவர். பொருளின் விளிம்புதான் துகளைத் திருப்புகிறது என்று விளக்கம் போயிற்று. பழி விளிம்பின் மேல் விழுந்தது. ஒளியின் இயல்பு விசாரணைக்கே வரவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்பதல்ல விஷயம். வட்டப் பொருளின் நிழலுக்கு நட்டநடுவே வெளிச்சம் இருப்பதை 1723இலேயே மரால்டி எழுதிவைத்தார். கோட்பாட்டில் அதற்கு இடமில்லை, அப்படியே கிடந்தது.

1803இல் லண்டனில் தாமஸ் யங் வெயில் கீற்றின் நடுவே மெல்லிய அட்டைத் துண்டை நிறுத்தினார். நிழலுக்குள் கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் கோடுகள் மறைந்தன. இரண்டு பக்கத்து ஒளியும் சேர்ந்தால்தான் கோடு. அப்படியானால் ஒளி அலை. யங்கின் அலைக்கொள்கையை 'எடின்பரோ ரெவ்யூ'வில் ப்ரூம் பெயர் போடாமல் தாக்கினார். நியூட்டனின் பெயரே அவருக்கு அரண்.

சாலைப் பொறியாளர் பிரெனெல் 1815இல் நெப்போலியன் திரும்பி வந்தபோது மன்னர் பக்கம் நின்று வேலையை இழந்தார். போலீஸ் கண்காணிப்பில் இருந்த அந்த நாட்களில்தான் இந்த ஆய்வில் இறங்கினார். பிளவின் ஒவ்வொரு புள்ளியும் புது அலையைக் கிளப்புகிறது; அவை கூடுகிற, அழிகிற இடங்களைக் கணக்கிட்டார். 0.1 மி.மீ. பிளவு, 600 நானோமீட்டர் ஒளி என்றால் 1 மீட்டர் தள்ளி நடுப்பட்டை 12 மி.மீ. அகலம். பிளவைப் பாதியாக்கினால் பட்டை 24 மி.மீ. நெருக்க நெருக்கப் பரவுகிறது. துகள் நேர்கோட்டில் போவதானால் பட்டை குறுகத்தானே வேண்டும்?

பாரிஸ் அகாதமியின் பரிசுப் போட்டிக்கு அவர் எழுதினார். நடுவர் ஐவரில் லாப்லாஸ், பியோ, புவாசோன் மூவரும் துகள் பக்கம். பிரெனெலின் கணக்கு சரியென்றால் வட்டத் தகட்டின் நிழல் நடுவே வெளிச்சப் புள்ளி வரணும், இது அபத்தம் என்றார் புவாசோன். இன்னொரு நடுவரான அராகோ 2 மி.மீ. தகட்டை வைத்துப் பார்த்தார். புள்ளி இருந்தது. 1819இல் பரிசு பிரெனெலுக்கு.

மரால்டி கண்ட அதே புள்ளிதான். சாட்சி நூறு வருஷமாக இருந்தது; அதைக் கேட்கிற கணக்கு இல்லை. அந்தக் கணக்கை மறுக்க வந்தவரே சோதனைக்கும் வழி சொல்லிக்கொடுத்தார். இதைக் கலகக்காரன் வென்ற கதையாக எழுதுவது சுலபம். ஆனால் பிரெனெல் மன்னர் விசுவாசி. ஒளிக்குத் துகள் குணமும் உண்டென்று 1905இல் ஐன்ஸ்டைன் திரும்பக் கொண்டுவந்தார். மிச்சமிருப்பது ஒன்றுதான்: கோட்பாடு எதை 'ஓரத்துக் கோளாறு' என்று ஒதுக்குகிறதோ, அங்கே போய்ப் பார்க்கணும். அபத்தம் என்று சொன்னபிறகும் தகட்டை வைத்துப் பார்க்கணும்.