அம்புரோசும் பேரரசர் தியோடோசியசும்

ஆட்சியாளரும் அறநெறிக்குக் கட்டுப்பட்டவரே என்ற கிறித்தவக் கொள்கைக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் நிகழ்வு, கி.பி. 390-இல் ரோமப் பேரரசில் நடந்தது.

தெசலோனிக்கா நகரில் மக்கள் விரும்பிய தேரோட்டி ஒருவரைச் சிறையிட்டதால் கலகம் மூண்டது. படைத்தலைவர் புத்தெரிக் கொல்லப்பட்டார். பதிலுக்குத் தியோடோசியசின் படைவீரர்கள் நகர மக்களை வெட்டிச் சாய்த்தனர். மாண்டோர் 7,000 பேர் என்கிறார் பிற்கால வரலாற்றாசிரியர் தியோதொரெத்து. அந்த எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை.

அப்போது மிலான் நகரின் ஆயராக இருந்தவர் அம்புரோஸ். ஆளுநராக இருந்து, திருமுழுக்குக்கூடப் பெறாத நிலையில் 374-இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதிகாரத்தின் போக்கை உள்ளிருந்தே அறிந்தவர். அவர் மேடையேறிக் கண்டிக்கவில்லை. பேரரசருக்குத் தனிப்பட்ட முறையில் கடிதம் எழுதினார்: மனம் வருந்தித் தவம் செய்யும்வரை அவர் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற இயலாது. தியோடோசியஸ் பணிந்தார். அரச அணிகளைக் களைந்து, மக்கள் காணப் பாவப் பரிகாரம் செய்தார். அதன் பின்னரே நற்கருணையில் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஆயர் கோயில் வாசலில் அரசரை மறித்து நின்றதாக ஓவியர்கள் தீட்டிய காட்சி பிற்காலக் கதை.

இறையியலாளர் அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலில் இப்பணிவைப் புகழ்கிறார்.

ஆனால் இதே அம்புரோஸ், 388-இல் கல்லினிக்கம் என்ற ஊரில் கிறித்தவர்கள் எரித்த யூதத் தொழுகைக்கூடத்தை அவ்வூர் ஆயரின் செலவில் கட்டித்தருமாறு இதே பேரரசர் இட்ட ஆணையை எதிர்த்துத் திரும்பப் பெறவைத்தார். அங்கே நீதி பேரரசர் பக்கமே இருந்தது.